கண்ணை உறுத்தாத எழுத்து: நடுநிலையான சான்ஸ்-செரிஃப் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க, சோதிக்க, பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

“எந்த ஃபாண்ட் போட்டாலும் சரி, கண்ணை உறுத்தாமல் இருந்தால் போதும்” என்று சொல்பவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: முனைகளில் வால் இல்லாத, கோட்டின் தடிமன் அதிகம் மாறாத, அலங்காரம் எதுவும் இல்லாத சான்ஸ்-செரிஃப் எழுத்துரு. ஹெல்வெடிகா, ஏரியல், ரோபோட்டோ, இன்டர், நோட்டோ சான்ஸ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். அதனால் கையில் கிடைத்ததைப் போட்டுவிடுகிறோம். அப்புறம்தான் தொல்லை தொடங்குகிறது. விலைப்பட்டியலில் எண்கள் நேராக நிற்காது. கடவுச்சொல்லில் எது ‘எல்’, எது ஒன்று என்று தெரியாது. கூடவே வரும் தமிழ் வரி மட்டும் தடித்துப்போய் வேறு ஆள் எழுதியதுபோல் நிற்கும்.

இந்த வகை எழுத்துருவை அழகு பார்த்து எடுக்க முடியாது, ஏனென்றால் அழகைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை. சிக்கலான இடத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்குத்தான். நீங்களே ஒரு எழுத்துருவை வரையப் போகிறீர்கள் என்றாலும் இதே படிகள் உதவும்.

1. குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சான்ஸ்-செரிஃப் அச்செழுத்து முதலில் வெளிவந்தது 1816 வாக்கில், லண்டனில், நான்காம் வில்லியம் காஸ்லனின் அச்செழுத்து வார்ப்பகத்திலிருந்து. அதில் கேப்பிடல் எழுத்துகள் மட்டுமே இருந்தன. 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இவ்வகை எழுத்து பெரும்பாலும் சுவரொட்டிக்கும் விளம்பரத்துக்கும்தான் போனது. பக்கம் பக்கமாகப் படிக்க இதைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் பிறகு வந்தது.

1898இல் பெர்லினின் பெர்தோல்ட் நிறுவனம் வெளியிட்ட அக்சிடென்ஸ்-குரோடெஸ்க் தான் இன்று நாம் ‘நடுநிலை’ என்று சொல்லும் முகத்துக்கு முன்னோடி. அதைப் பார்த்துப் போட்டியாகச் செய்யப்பட்டதுதான் ஹெல்வெடிகா. சுவிட்சர்லாந்தின் ஹாஸ் வார்ப்பகத்துக்காக எடுவார்ட் ஹோஃப்மன் வழிநடத்த, மக்ஸ் மீடிங்கர் வரைந்தார். 1957இல் வெளிவந்தபோது அதன் பெயர் நொயே ஹாஸ் குரோடெஸ்க். 1960இல்தான் இப்போதைய பெயர் வந்தது. அதே 1957இல் அட்ரியன் ஃப்ரூட்டிகரின் யூனிவர்ஸ் வந்தது. மெலிந்தது, தடித்தது, ஒடுங்கியது, விரிந்தது எல்லாவற்றையும் முதலிலேயே ஒரே திட்டமாக யோசித்து, 21 வகைகளுக்கும் எண் கொடுத்திருந்தார் அவர். 55 என்றால் சாதாரணம். முதல் இலக்கம் கூடினால் தடிமன் கூடும். இன்று இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் 400, 700 என்று தடிமனை எண்ணாக எழுதுகிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொரு கிளை கையெழுத்தின் வளைவை உள்ளே வைத்துக்கொண்டது: லண்டன் சுரங்க ரயிலுக்காக 1916இல் வந்த ஜான்ஸ்டன், 1928இன் கில் சான்ஸ், 1976இல் விற்பனைக்கு வந்த ஃப்ரூட்டிகர். மூன்றாவது கிளை வட்டமும் கோடும் வைத்துக் கட்டியது; 1927இல் பவுல் ரென்னர் செய்த ஃபியூச்சுரா அதற்கு நல்ல உதாரணம். பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் ஃபியூச்சுராவை நடுநிலை என்று சொல்ல மாட்டேன். அதன் ஒவ்வொரு ‘ஓ’வும் ‘என்னைப் பார்’ என்கிறது.

2. பெரிதாக்கிப் பாருங்கள்

எந்த மென்பொருளிலாவது எழுத்தை 400 பாயின்ட் அளவுக்குப் பெரிதாக்கி, அடியில் ஒரு வழிகோடு போடுங்கள். கேப்பிடல் ‘ஹெச்’ அந்தக் கோட்டில் சரியாக உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் உள்ள ‘ஓ’ கோட்டைத் தாண்டி மயிரிழை கீழே இறங்கியிருக்கும், மேலேயும் கொஞ்சம் ஏறியிருக்கும். உயரத்தில் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் அளவுக்கு. இது பிழையில்லை. வட்டத்தையும் சதுரத்தையும் ஒரே உயரத்தில் வைத்தால் கண்ணுக்கு வட்டம் சிறிதாகத் தெரியும். அதை ஈடுகட்டத்தான் இந்த மீறல்.

அடுத்து ‘ஹெச்’சின் நிற்கும் கோட்டையும் படுக்கும் கோட்டையும் அளந்து பாருங்கள். ஒரே தடிமன் என்று நினைத்திருப்போம். நிற்கும் கோடு 90 அலகு என்றால் படுக்கும் கோடு 80க்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் சமமாக வரைந்தால் படுக்கும் கோடு தடித்துத் தெரியும். சின்ன ‘என்’னில் வளைவு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள்: அங்கே கோடு மெலிந்துதான் சேரும். மெலியாவிட்டால் சிறிய அளவில் அந்த மூலை கறுப்புப் புள்ளியாகத் திரண்டுவிடும். ‘எக்ஸ்’ இன்னும் சுவாரசியம். குறுக்குக் கோடு ஒரே நேர்கோடு போலத் தெரியும், ஆனால் நல்ல எழுத்துருவில் அது வெட்டும் இடத்தில் சற்று விலக்கி வைக்கப்பட்டிருக்கும். உண்மையில் நேராக வரைந்தால் அது உடைந்ததுபோல் தெரியும். 8, கேப்பிடல் ‘பி’ (B), ‘எஸ்’ மூன்றையும் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். மேல் பாதி எவ்வளவு சிறிதாக வரையப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைக்கும்.

இத்தனை திருத்தங்களும் சேர்ந்துதான் ‘ஒன்றுமே செய்யாதது போன்ற’ தோற்றம் கிடைக்கிறது. இவற்றில் பாதி செய்யப்படாத இலவச எழுத்துருக்கள் இணையத்தில் ஏராளம். அவற்றைக் கண்டுபிடிக்க இந்த ஒரு படியே போதும்.

பிறகு வாய்த்திறப்பைக் கவனியுங்கள். சின்ன ‘சி’ (c), ‘இ’ (e), ‘எஸ்’ (s), ‘ஏ’ (a) ஆகியவற்றின் வளைவு எங்கே முடிகிறது? ஹெல்வெடிகாவில் முனைகள் படுக்கைவாட்டில் வெட்டப்பட்டு, உள்பக்கமாக நன்றாக வளைந்து வரும். அதனால் சொற்கள் கச்சிதமாக, இறுக்கமாகத் தெரியும், தலைப்புக்கு அருமை. ஆனால் சிறிய அளவிலும் தூரத்திலிருந்து பார்க்கும்போதும் ‘சி’யும் ‘இ’யும் ‘ஓ’வை நோக்கிப் போய்விடும். பாரிஸின் சார்ல் த கோல் விமான நிலையத்தின் வழிகாட்டிப் பலகைகளுக்கு எழுத்து செய்யச் சொன்னபோது ஃப்ரூட்டிகர் தன் யூனிவர்ஸையே எடுத்து ஒட்டவில்லை. வாயை நன்றாகத் திறந்த புது எழுத்தை வரைந்தார். அதுதான் பிறகு அவர் பெயரிலேயே வந்த எழுத்துரு. தூரம், வேகம், மங்கலான வெளிச்சம் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்தால் திறந்த வாய் உள்ளதையே எடுங்கள்.

ஏரியலையும் ஹெல்வெடிகாவையும் பிரித்தறிய ஒரு குறுக்குவழி உண்டு. சின்ன ‘டி’யின் (t) தலையைப் பாருங்கள். நேராக வெட்டியிருந்தால் ஹெல்வெடிகா, சாய்வாக வெட்டியிருந்தால் ஏரியல். கேப்பிடல் ‘ஆர்’ காலை நேராகக் கீழே இறக்கினால் ஹெல்வெடிகா, சாய்த்து நீட்டினால் ஏரியல். 1982இல் மோனோடைப்பில் ராபின் நிக்கலஸும் பட்ரிஷியா சாண்டர்ஸும் ஏரியலை வரைந்தபோது ஒவ்வோர் எழுத்தின் அகலத்தையும் ஹெல்வெடிகாவின் அகலத்தோடு பொருத்தினார்கள். அதனால்தான் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டாலும் வரிகள் உடையும் இடம் மாறுவதில்லை.

3. இடைவெளியைப் படியுங்கள்

எழுத்துருவின் பாதி வேலை கறுப்பில் இல்லை, வெள்ளையில் இருக்கிறது. வரைபவர்கள் முதலில் சின்ன ‘என்’, ‘ஓ’ இரண்டையும் செய்து, ‘என் என் ஓ என் ஓ ஓ’ என்று மாற்றி மாற்றி வரிசையாக அடித்துப் பார்ப்பார்கள். ‘என்’னுக்குள் இருக்கும் வெள்ளையும் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள வெள்ளையும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். அந்த இரண்டும் சரியானால் ‘ஹெச்’, ‘எம்’, ‘யூ’ எல்லாம் ‘என்’னிலிருந்து வரும், ‘சி’, ‘இ’, ‘பி’, ‘க்யூ’ எல்லாம் ‘ஓ’விலிருந்து வரும். கேப்பிடலுக்கு ‘ஹெச்’சும் ‘ஓ’வும் இதே வேலையைச் செய்யும்.

நீங்களும் அதையே அடித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் வரி ஒரே சாம்பல் பட்டையாகத் தெரிய வேண்டும். அங்கங்கே கறுத்துத் திட்டாகத் தெரிந்தால் அந்த எழுத்துரு பத்திக்கு ஆகாது. குறிப்பிட்ட இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து வரும்போது நடுவே உள்ள இடைவெளியைத் தனியாகச் சரிசெய்வதுதான் கெர்னிங். அதைப் பார்க்க கேப்பிடல் ‘ஏ’வையும் ‘வி’யையும் சேர்த்து அடியுங்கள், கேப்பிடல் ‘டி’யோடு (T) சின்ன ‘ஓ’வையும் சேர்த்து அடியுங்கள். நடுவே ஓட்டை தெரிந்தால் கெர்னிங் செய்யப்படவில்லை, அல்லது உங்கள் மென்பொருளில் அது அணைந்து கிடக்கிறது.

4. குழப்பும் எழுத்துகளை நேருக்கு நேர் நிறுத்துங்கள்

நடுநிலையான எழுத்துருக்களின் பெரிய பலவீனம் இங்கேதான். எல்லா எழுத்தையும் ஒரே அச்சில் வார்க்கப் போய், சில எழுத்துகள் இரட்டைப் பிள்ளைகள் ஆகிவிடும். இல்லினாய் என்ற அமெரிக்க மாநிலத்தின் பெயரை ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். முதலில் கேப்பிடல் ‘ஐ’, அடுத்து இரண்டு சின்ன ‘எல்’. ஹெல்வெடிகாவில் மூன்று குச்சிகள் நிற்கும், அவ்வளவுதான். பக்கத்தில் 1 என்ற எண்ணையும் போட்டுப் பாருங்கள். மேத்யூ கார்ட்டரின் வெர்டானா இந்தச் சிக்கலுக்காகவே கேப்பிடல் ‘ஐ’க்கு மட்டும் மேலும் கீழும் பட்டை வைத்தது. சுத்தம் பார்ப்பவர்களுக்குப் பிடிக்காது, ஆனால் படிப்பவருக்கு உதவுகிறது.

‘ஆர்’, ‘என்’ இரண்டும் சின்ன எழுத்தில் ஒட்டி வந்தால் ‘எம்’ ஆகிவிடும். ‘மாடர்ன்’ (modern) என்ற ஆங்கிலச் சொல் ‘மோடம்’ (modem) என்று படும். இதை 11 பிக்சல், 12 பிக்சலில் சோதிக்க வேண்டும், பெரிய அளவில் இல்லை. சுழியத்தையும் ‘ஓ’வையும் சேர்த்து அடியுங்கள். 3, 6, 8, 9 நான்கையும் சேர்த்து அடித்துவிட்டு, திரையிலிருந்து இரண்டு அடி பின்னால் நகர்ந்து பாருங்கள்.

தோற்றுப்போனால் உடனே எழுத்துருவைத் தூக்கி எறிய வேண்டாம். ராஸ்மஸ் ஆண்டர்சன் செய்த இன்டர் போன்றவற்றில் வால் வைத்த ‘எல்’, கோடு போட்ட சுழியம் எல்லாம் மாற்று வடிவங்களாக உள்ளே இருக்கின்றன. எழுத்துருவின் கூடுதல் வசதிகளை இயக்கும் ஓப்பன்டைப் அமைப்பில் போய் எழுப்ப வேண்டும். கூப்பன் குறியீடு, வண்டி எண், மருந்துப் பெயர், கணக்கு எண் வரும் இடங்களிலாவது அதைச் செய்துவிடுங்கள்.

5. எண்கள்

இரண்டு வகை அகலம் உண்டு. பத்தியின் நடுவே வரும் எண்களுக்கு 1 ஒல்லியாகவும் 8 அகலமாகவும் இருப்பது நல்லது. அட்டவணையில் எல்லா இலக்கமும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பத்தாயிரமும் ஆயிரமும் நேர்கோட்டில் நிற்காது. சிஎஸ்எஸ்ஸில் ‘டேபுலர் நம்ஸ்’ என்று ஒரே வரியில் இதை இயக்கலாம். 1,111 என்பதையும் 8,888 என்பதையும் மேலும் கீழுமாக அடித்தால் சோதனை முடிந்தது. ஓடும் கடிகாரத்திலும் இதே வேண்டும்; இல்லையென்றால் நொடிக்கு நொடி எண்கள் குதிக்கும்.

6. தடிமனும் சாய்வும்

பெரும்பாலான வேலைக்கு 400, 700 இரண்டும் போதும். பொத்தான்களுக்கும் சிறு தலைப்புக்கும் 500 அல்லது 600 ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்பது தடிமன் இருக்கிறது என்பதற்காக ஒன்பதையும் ஒரே பக்கத்தில் காட்டினால் எது முக்கியம் என்றே புரியாது.

100, 200 போன்ற மெலிந்த வடிவங்களை 40 பாயின்ட்டுக்குக் கீழே தொடவே வேண்டாம் என்பேன். பார்வைக் குறைவு உள்ளவர்களும் படிக்க வேண்டும் என்பதற்கான அணுகல்தன்மை விதிகள் சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1 என்ற நிற வேறுபாட்டைக் கேட்கின்றன, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. கணக்கில் இது தேறிவிடும். ஆனால் மெலிந்த கோட்டின் ஓரங்களைத் திரை மங்கலாக்கிக் காட்டுவதால் கண்ணுக்குப் படும் நிறம் கணக்கில் உள்ளதைவிட வெளிறிப்போயிருக்கும்.

போலி போல்டு இன்னொரு தொல்லை. 700 கோப்பை ஏற்றாமல் போல்டு கேட்டால், உலாவி சாதாரண எழுத்தையே தடிக்கச் செய்து காட்டும். ‘இ’, ‘ஏ’ ஆகியவற்றின் உள்வெளி, அதாவது உள்ளே உள்ள வெள்ளை, அடைபட்டு மசமசவென்று தெரிந்தால் சந்தேகப்படுங்கள். போலி சாய்வும் அப்படித்தான். வட்ட எழுத்தை வெறுமனே சாய்த்தால் அதன் ஒரு தோள் வீங்கும், இன்னொன்று ஒடுங்கும். நல்ல எழுத்துருவில் சாய்வெழுத்தை அதன்பின் கையால் திருத்தியிருப்பார்கள்.

7. அளவு, வரி, இடைவெளி

திரையில் படிக்கும் பத்திக்கு 16 பிக்சலில் தொடங்குங்கள். எக்ஸ்-ஹைட் அதிகம் உள்ள எழுத்துருவில், அதாவது சின்ன ‘எக்ஸ்’ஸின் உயரம் கேப்பிடலோடு பார்க்கையில் தாராளமாக இருக்கும் எழுத்துருவில், 15கூட பெரிதாகத் தெரியும். அதே காரணத்தால் வரிகளுக்கு நடுவே அதற்கு அதிக இடமும் வேண்டும். 1.5 மடங்கு வரி உயரம் நல்ல தொடக்கம். ஆங்கிலத்தில் ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து வரை என்பது நெடுநாள் வழக்கம்.

எழுத்திடைவெளியில் ஒரே விதிதான்: சிறிய அளவுக்குக் கொஞ்சம் தளர்த்துங்கள், பெரிய அளவுக்குக் கொஞ்சம் இறுக்குங்கள். ஆப்பிள் சாதனங்களின் எழுத்துருவான சான் ஃபிரான்சிஸ்கோ இதைத் தானாகவே செய்யும்; அளவுக்கு ஏற்ப அதன் வடிவமும் மாறும். மற்றவற்றில் நாம்தான் செய்ய வேண்டும். முழுக்க கேப்பிடலில் வரும் சிறு தலைப்புக்கு ஐந்து சதவீதம் வரை தளர்த்தினால் மூச்சுவிடும். சாதாரண அளவில் சின்ன எழுத்தில் (லோயர்கேஸ்) வரும் பத்தியை மட்டும் தளர்த்த வேண்டாம், சொல் சொல்லாகப் படிக்க வேண்டியது எழுத்தெழுத்தாக உதிர்ந்துவிடும்.

8. தமிழோடு சேர்க்கும்போது

ஹெல்வெடிகா, இன்டர், ரோபோட்டோ போன்றவற்றில் தமிழ் எழுத்து கிடையாது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் கணினி தன் கையிருப்பிலிருந்து ஏதாவது ஒன்றைப் போடும்: விண்டோஸில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ. ஆளுக்கு ஆள் பக்கம் வேறு மாதிரி தெரிவது இதனால்தான். எனவே தமிழுக்கு ஓர் எழுத்துருவை நாமே பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன், அனேக் தமிழ் எல்லாம் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. இவற்றில் அனேக், தடிமனோடு அகலத்தையும் நகர்த்தக்கூடியது. ஒடுங்கிய இடத்தில் நீளமான தமிழ்ச் சொல்லை நுழைக்க வேண்டியிருக்கும்போது அது கைகொடுக்கும்.

‘ஐ’, ‘எல்’ சோதனைக்கு இணையாகத் தமிழிலும் ஒன்று உண்டு. ‘ர’வையும் துணைக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘பார’, ‘பரா’, ‘ரர’, ‘ரா’ என்று அடித்தால், அடியில் உள்ள சாய்ந்த வால் ஒன்றுதான் இரண்டையும் பிரிக்கிறது என்பது தெரியும். சிறிய அளவில் அந்த வால் தெரிகிறதா? ‘ரி’, ‘ர்’ இரண்டிலும் சில எழுத்துருக்கள் வாலை வெட்டிவிடும், அது பழைய வழக்கம். பிறகு ‘ஔ’வையும் ‘ஒள’வையும், ‘எ’யையும் ‘ஏ’யையும் பாருங்கள். ‘ஞ’, ‘ஜ’, ‘ணூ’, ‘ழூ’, ‘ஹூ’ ஐந்தையும் போல்டில் அடித்தால், உள்வெளி அடைபடாமல் தாங்குகிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும்.

உயரப் பொருத்தம்தான் அதிக நேரம் எடுக்கும். ‘ப’, ‘ம’, ‘ட’ போன்ற எழுத்துகள் ஆங்கிலச் சின்ன எழுத்தைவிடக் கொஞ்சம் உயரமாகவும், கேப்பிடலைவிடக் கொஞ்சம் குட்டையாகவும் நின்றால் கலந்து வரும் வரி சமமாகத் தெரியும் என்பது என் அளவுகோல். தமிழ் பெரிதாகத் தெரிந்தால் சிஎஸ்எஸ்ஸில் ‘சைஸ்-அட்ஜஸ்ட்’ வைத்து 90, 95 சதவீதமாகக் குறைக்கலாம். தடிமனையும் ஒப்பிடுங்கள், ஏனென்றால் இரண்டு எழுத்துருக்களின் 400 ஒரே 400 இல்லை. மேலே இகரத்தின் விசிறியும் கீழே உகரச் சுழியும் வருவதால் வரி உயரத்தை 1.6, 1.7 என்று ஏற்றிவிடுவது நல்லது. வரி நீளத்தை எழுத்து எண்ணிப் பார்க்க வேண்டாம். ஒரு வரிக்கு ஆறு முதல் ஒன்பது சொல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக வரும்.

இரண்டு விஷயங்களைத் தமிழில் செய்யவே வேண்டாம். ஒன்று, சாய்வெழுத்து. நமக்கு அப்படி ஒரு மரபு இல்லை, திரையில் வருவது வெறுமனே தள்ளிச் சாய்த்த எழுத்துதான். அழுத்தம் வேண்டுமானால் போல்டு அல்லது நிறம். இரண்டு, எழுத்திடைவெளியைக் கூட்டுவது. சில மென்பொருள்களில் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று தனித்தனியாக நிற்கும்.

9. எங்கே வேண்டாம்

கல்யாணப் பத்திரிகை, சிறுவர் கதை, கவிதைத் தொகுப்பு போன்றவற்றில் நடுநிலை என்பது வெறுமையாகத் தெரியும். நீண்ட அச்சு நூலுக்கு முனைகளில் வால் உள்ள செரிஃப் எழுத்தே கண்ணுக்கு இதம் என்று பலர் சொல்வார்கள். நான் பழக்கம்தான் காரணம் என்பேன், ஆனால் வாசகரின் பழக்கத்தோடு சண்டை போடுவதில் லாபமில்லை. பிராண்டு அடையாளத்துக்கும் யோசித்துச் செய்யுங்கள். போட்டி நிறுவனங்கள் எல்லாமே இதே முகத்தோடு நிற்கும்போது உங்களுடையதும் அந்தக் கும்பலில் கலந்துவிடும். படிவம், அட்டவணை, செயலி, வழிகாட்டிப் பலகை, மருந்து உறை, பயன்பாட்டுக் கையேடு: இங்கெல்லாம் தயங்கவே வேண்டாம்.

10. கோப்பும் உரிமமும்

2016இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், அடோபி நான்கும் சேர்ந்து அறிவித்த வேரியபிள் எழுத்துருவில், மெலிந்ததிலிருந்து தடித்தது வரை எல்லாம் ஒரே கோப்பில் அடங்கும். மூன்று நான்கு தடிமன் தேவைப்பட்டால் பெரும்பாலும் இதுவே இலாபம். ஒன்றே ஒன்று போதும் என்றால் சாதாரணக் கோப்புதான் சிறிது. இணையத்துக்கு, அதற்கென்றே உள்ள வோஃப்-2 (WOFF2) கோப்பு வடிவில் ஏற்றுங்கள். பயன்படாத மொழிகளின் எழுத்துகளை நீக்கிவிட்டால் கோப்பு இன்னும் இளைக்கும், ஆனால் நீக்கும் கருவி ஓப்பன்டைப் விதிகளையும் சேர்த்து நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை போனால் தமிழில் உகரம் சேர வேண்டிய இடத்தில் சேராது.

உரிமத்தில் ‘இலவசம்’ என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். எஸ்ஐஎல் ஓப்பன் ஃபாண்ட் உரிமத்தில் உள்ளவற்றை வணிக வேலைக்குப் பயன்படுத்தலாம், மாற்றலாம், செயலியோடு சேர்த்து அனுப்பலாம்; எழுத்துருவைத் தனியாக விற்க மட்டும் கூடாது. ஹெல்வெடிகா காசு கொடுத்து வாங்க வேண்டியது. கணினிக்கு வாங்கிய உரிமம் இணையதளத்துக்கும் செயலிக்கும் தானாகச் செல்லாது. சான் ஃபிரான்சிஸ்கோவை யார் வேண்டுமானாலும் தரவிறக்கலாம், ஆனால் அதன் உரிமம் ஆப்பிள் தளங்களுக்கான வடிவமைப்பு வேலைக்கு மட்டும்தான். அச்சகத்துக்கு பிடிஎஃப் அனுப்பும்போது எழுத்துருவை உள்ளே பதித்தே அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் எழுத்துரு ஏற்றாத வேறொரு கணினியில் அந்தக் கோப்பைத் திறந்து, கேப்பிடல் ‘ஆர்’ காலை எப்படி வைத்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.